பாதி ராம் காலியாக் கிடக்குது சார்!

2008 அக்டோபர் 28. லாஸ் ஏஞ்சல்ஸில் மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் மாநாடு. விண்டோஸ் 7 எப்படி இருக்கும் என்று ஊருக்குக் காட்டப்போகும் நாள். மேடையில் விண்டோஸ் பொறியியலின் தலைவர் ஸ்டீவன் சினாஃப்ஸ்கி. பலசாலி மெஷின்களை வரிசையாக நிறுத்தி அசத்தியிருக்கலாம். மனிதர் கையில் எடுத்ததோ ஒரு குட்டி நெட்புக். 1 ஜிபி ராம். 1 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் ஓடும் சாதுவான ப்ராசஸர். அதில் விண்டோஸ் 7 ஓடுகிறது. அது மட்டுமா? பூட் ஆகி முடிந்தபிறகும் ராமில் ஏறக்குறைய பாதி காலி!

16 ஜிபி லேப்டாப்பில் இருபது டேப் திறந்துவைத்து இதைப் படிப்பவர்களுக்கு இதிலென்ன பிரமாதம் என்று தோன்றலாம். பிரமாதம்தான். முந்தைய விண்டோஸான விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்தபோது, 512 எம்பி ராம் போதும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். நம்பி அவ்வளவோடு ஓட்டியவர்கள் ஹார்ட் டிஸ்க் கடகடப்பதைக் கேட்டுக்கொண்டே காபி குடித்து முடித்தார்கள். அதே வருஷம் பிறந்த நெட்புக்குகளுக்கு விஸ்டா தாங்கவே தாங்காது. கம்பெனிகள் லினக்ஸைப் போட்டன, இல்லையென்றால் 2001-இல் வந்த எக்ஸ்பியைத் தூசி தட்டிப் போட்டன. நெட்புக்குக்காகவே எக்ஸ்பியின் ஆயுளை மைக்ரோசாஃப்ட் நீட்டிக்க வேண்டி வந்தது. புதுசு வந்த பிறகு பழசுக்கு கிராக்கி! இதைவிடத் தர்மசங்கடம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வருமா?

அப்படிப்பட்ட இடத்திலிருந்து ‘பாதி காலி’க்கு எப்படி வந்தார்கள்? புதிதாகக் கட்டியதைவிட, மெஷின் செய்துகொண்டிருந்த வெட்டி வேலைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து நிறுத்தியதுதான் அதிகம். வாருங்கள், பின்வாசல் வழியாக உள்ளே போவோம்.

நுழையும்போதே ஒரு வேடிக்கை. விஸ்டாவில் ஃபைல் காப்பி ஆக யுகமாகிறது என்று உலகமே திட்டியது நினைவிருக்கிறதா? எக்ஸ்பியில் காப்பி போட்டால் அந்தக் குட்டி ஜன்னல் சட்டென்று மூடிக்கொள்ளும். ஆஹா, முடிந்தது என்று நாம் எழுந்து போவோம். முடிந்திருக்காது! டேட்டாவில் ஒரு பகுதி இன்னும் ராமில், கேஷ் என்ற தற்காலிகக் கிடங்கில்தான் இருக்கும். டிஸ்கில் எழுதும் வேலை பின்னால் சாவகாசமாக நடக்கும். விஸ்டாவைச் செய்தவர்கள் நாணயஸ்தர்கள். கேஷைச் சுற்றிக்கொண்டு நேரே டிஸ்கில் எழுதவைத்தார்கள்; எழுதி முடியும்வரை ஜன்னல் மூடாது. விளைவு? நிஜத்தில் வேலை அவ்வளவு மோசமில்லாத இடங்களில்கூட ‘விஸ்டா ஸ்லோ’ என்ற கெட்ட பெயர். விண்டோஸின் உள்விவகாரங்களை விரல்நுனியில் வைத்திருக்கும் மார்க் ருசினோவிச் 2008 பிப்ரவரியில் இந்தக் கதையைப் பிட்டுப் பிட்டு வைத்தார். விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கில் காப்பி மறுபடி கேஷ் வழிக்கே திரும்பியது.

ஆக மெஷினின் கடிகாரம் ஒன்று, மனுஷனின் கடிகாரம் ஒன்று. இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது விண்டோஸ் 7 ஆட்களுக்கு உறைத்திருந்தது. ஸ்டார்ட் மெனு திறப்பது போன்ற அன்றாடக் காரியங்கள் ஒவ்வொன்றுக்கும் கோடுக்குள்ளேயே ‘ஆரம்பம்’, ‘முடிவு’ என்று இரண்டு குறி வைத்து, நிஜமான மனிதர்களின் மெஷின்களில் எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளந்தார்கள். பெர்ஃப்ட்ராக் என்று அதற்குப் பெயர். ‘கொஞ்சம் மந்தமா இருக்கே’ என்ற பொதுவான முணுமுணுப்புக்கு அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் மரியாதை இல்லை. எது மந்தம், எத்தனை மில்லி விநாடி, அதைச் சொல்லு!

சரி, ராமை யார் தின்றது? இந்த இடத்துக்கு வரத்தான் நான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விஸ்டாவின் கண்ணாடி ஜன்னல்கள் கொள்ளை அழகு. ஆனால் அந்த அழகுக்காக எந்த ஜன்னலும் நேராகத் திரையில் தன்னை வரைந்துகொள்வதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிப் படமாக நினைவகத்தில் தயாராகும். டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற நிரல் எல்லாவற்றையும் அடுக்கி, நிழல் போட்டு, திரைக்கு அனுப்பும். இதுவரை சரி. கூத்து என்னவென்றால், அந்தப் படம் இரண்டு பிரதிகளாக இருந்தது! பழைய வரைகலை அமைப்பான ஜிடிஐ, ப்ராசஸரை வைத்துச் சாதாரண ராமில் ஒரு பிரதியை வரையும். கிராஃபிக்ஸ் கார்டின் கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு பிரதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1280-க்கு 1024 திரையை நிறைக்கும் ஒரு ஜன்னல், ஒரு புள்ளிக்கு 4 பைட்: மொத்தம் 5 எம்பி. இரண்டு பிரதி, 10 எம்பி. இப்படி இருபது ஜன்னல் திறந்தால் 200 எம்பி போச்சு. அதற்குள் நீங்கள் டைப் செய்த கடிதம் என்னவோ நாலு கேபிதான்.

ஒரு பிரதியைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று உடனே கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் முடிச்சு. ஜிடிஐ வரைவதோடு விடாது. வரைந்ததை அடிக்கடி திரும்ப எடுத்துப் பார்க்கும். எழுத்தின் விளிம்பைப் பின்னணியோடு இழைத்து மென்மையாக்க வேண்டுமென்றால் பின்னணியில் என்ன நிறம் என்று தெரிய வேண்டுமல்லவா? கிராஃபிக்ஸ் நினைவகத்தில் எழுதுவது சுளுவு. அங்கிருந்து ப்ராசஸர் திரும்பப் படிப்பது மகா மந்தம். ராமில் இருந்த பிரதியை எடுத்துவிட்டால் இடம் மிஞ்சும், வேகம் போய்விடும்.

அவர்கள் செய்ததைக் கேளுங்கள். நிஜ உலக நிரல்கள் ஜிடிஐயிடம் எதை அதிகம் கேட்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான கட்டளைகள் இருந்தாலும் மாடாக உழைப்பது ஒரு கைப்பிடிதான்: ஒரு கட்டத்தில் நிறம் நிரப்பு, ஒரு கட்டத்தை அப்படியே இடம் மாற்று, இழுத்து நீட்டு, ஒன்றின்மேல் ஒன்றைக் கலங்கலாகப் பூசு, க்ளியர்டைப் எழுத்தை இழை. இந்தச் சிலவற்றை மட்டும் கார்டே செய்துகொடுத்தால் போதும் என்று, 1.1 என்று எண்ணிட்ட புதிய டிரைவர் விதியில் எழுதினார்கள். கார்டே வரைந்து கார்டே படித்துக்கொள்ளும்போது ராமில் இருந்த பிரதிக்கு என்ன வேலை? எடுத்தாயிற்று! ஜன்னல் ஒன்றுக்கு நினைவகச் செலவு நேர்பாதி. பழைய டிரைவரோடு காலம் தள்ளியவர்களுக்கு மட்டும் பழையபடி இரட்டைச் செலவுதான். விண்டோஸ் 7-இல் ஆயிரம் சமாசாரம் உண்டு. என் ஓட்டு இதற்குத்தான்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று. ஜிடிஐக்குள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பூட்டு இருந்தது. ஒரு நிரல் வரையும்போது அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற நிரல்கள் வரைய முடியாமல் கைகட்டி நிற்கும். ஏதோ ஒரு ஓரத்து ஜன்னல் படுத்தால் எல்லா ஜன்னலும் சேர்ந்து படுக்கும் அந்த எரிச்சலில் இதற்குப் பங்கு உண்டு. 7-இல் உள்கட்டமைப்பை மாற்றி, பல நிரல்கள் ஒரே சமயத்தில் வரையும்படி செய்தார்கள்.

பூட்டு என்றதும், விண்டோஸின் உட்கருவான கெர்னலில் வேலை செய்யும் ஆட்களுக்கு நினைவு வருவது வேறொரு பூட்டு. பூட்டுகளுக்கெல்லாம் பாட்டன்.

டேவ் கட்லர் 1988-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியை விட்டு மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். அவர் தலைமையில் உருவான விண்டோஸ் என்டி 1993 ஜூலையில் வெளியானது. ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) எதற்காவது காத்திருப்பது, காத்திருப்பதை எழுப்புவது ஆகிய அத்தனைக்கும் அதில் ஒரே பூட்டு: டிஸ்பாட்சர் லாக். கல்யாண மண்டபத்தில் உக்கிராண அறைச் சாவியை ஒரே ஒரு சித்தப்பா இடுப்பில் செருகிக்கொண்டிருப்பார் அல்லவா? தேங்காய் வேண்டுமா, வெற்றிலை வேண்டுமா, ஐயருக்கு வேட்டி வேண்டுமா, எல்லாம் அவர் மூலமாகத்தான். வீட்டோடு நடக்கிற நிச்சயதார்த்தத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரு சாமானும் தொலையாது. ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில்? சமையல்காரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சித்தப்பாவைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். 1993-இல் பெரும்பாலான மெஷின்களில் ஒரே ஒரு ப்ராசஸர். அன்றைக்கு அந்தப் பூட்டு சரியான முடிவு, எளிமையான முடிவு. ஒரே சர்வரில் டஜன் கணக்கில் ப்ராசஸர்கள் பெருகியபோதுதான், வேலை செய்வதைவிட அந்தப் பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருப்பதே பெரிய வேலையானது.

விண்டோஸ் 7-க்கு முன்பே சில பாரங்களை அந்தப் பூட்டின் தோளிலிருந்து இறக்கியிருந்தார்கள். விண்டோஸ் சர்வர் 2003-இலேயே, அடுத்து ஓட வேண்டிய த்ரெட்களின் வரிசை ப்ராசஸருக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனால் பூட்டையே ஒழிப்பது? விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு நிரலும் நொடிக்கு நொடி நம்பியிருக்கும் இடம் அது. அங்கே தப்பு நேர்ந்தால் ‘தப்பு நேர்ந்துவிட்டது’ என்று எந்தச் செய்தியும் வராது. எப்போதோ ஒருநாள், யாருடைய மெஷினிலோ, ஒரு த்ரெட் தூங்கப் போய் எழாமலே போகும். யார் கை வைப்பார்கள்?

அருண் கிஷன் என்ற கெர்னல் பொறியாளர் கை வைத்தார்.

அவருக்கு முன்னிருந்த சிக்கல் இதுதான். ஒரு த்ரெட் மூன்று பொருள்களுக்காகக் காத்திருக்க விரும்புகிறது. பெரிய பூட்டு இருந்தால் கவலையில்லை: பூட்டைப் பிடி, மூன்றையும் பார், மூன்றின் வரிசையிலும் பெயரைப் போடு, தூங்கு, பூட்டை விடு. நடுவில் உலகம் அசையாது. பெரிய பூட்டை எடுத்துவிட்டுப் பொருளுக்கு ஒரு குட்டிப் பூட்டு என்று வைத்தால், மூன்றாவதில் பெயர் போடும்போது முதலாவது தயாராகிவிட்டிருக்கும். அது எழுப்ப வரும். த்ரெட் இன்னும் தூங்கவே இல்லை! கிஷன் தூக்கத்தையே தவணை முறையில் பிரித்தார். த்ரெட் முதலில் ‘காத்திருப்பு நடந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு நிலைக்குப் போகும். அந்த நிலையில் இருந்தபடி ஒவ்வொரு பொருளிடமும் போய், அதன் குட்டிப் பூட்டை மட்டும் பிடித்து, பெயரைப் பதியும். இடையில் ஏதாவது ஒரு பொருள் தயாராகிவிட்டால், அது இந்த நிலையைப் பார்த்து ‘ரத்து’ என்று மாற்றிவிடும். எல்லாப் பதிவும் முடிந்தபின் த்ரெட் தன் நிலையை ‘உறுதி’ என்று மாற்ற முயலும். மாற்ற முடிந்தால் தூக்கம். ரத்தாகிக் கிடந்தால் போட்ட பெயர்களை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பார்த்தால் மூன்றே மூன்று நிலைகள். பதினாறு வருஷமாக யாரும் தொடத் துணியாத பூட்டு போயே போச்சு!

பக்கத்திலேயே மெமரி மேனேஜர் பக்கம் லாண்டி வாங், ராமின் பக்கங்களுக்கெல்லாம் கணக்கு வைக்கும் பட்டியலின் ஒற்றைப் பூட்டைத் துண்டு துண்டாக்கிப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பூட்டு உடைக்கும் சீசன்போல.

இவ்வளவும் எதற்கு? 256 ப்ராசஸர்களுக்கு. அதற்கு முன் உச்சவரம்பு 64. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். எந்தெந்த ப்ராசஸரில் ஓடலாம் என்பதை ப்ராசஸருக்கு ஒரு பிட் என்று ஒரே எண்ணில் குறித்துவைத்திருந்தார்கள். 64 பிட் மெஷினில் அந்த எண்ணுக்கு 64 பிட்தான்; 65-ஆவது ப்ராசஸருக்கு எழுத இடமில்லை! எண்ணைப் பெரிதாக்கினால் ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் குழம்பும். ஆகவே 64 ப்ராசஸர் கொண்ட குழுக்களாக நாலு குழு. பழைய நிரல் தன் குழுவுக்குள் நிம்மதியாக இருக்கும்; வெளியே இன்னும் மூன்று குழு இருப்பதே அதற்குத் தெரியாது. பழைய நிரல்கள்மேல் இருந்த இந்தப் பயம் கலந்த மரியாதை எந்த அளவுக்குப் போனது தெரியுமா? விண்டோஸ் 7-இன் உள் பதிப்பு எண் 7 கிடையாது. 6.1! விஸ்டாவின் எண் 6.0. முழு எண் மாறினால், பதிப்பைச் சோதித்துப் பார்க்கும் பழைய நிரல்கள் ‘ஓட மாட்டேன்’ என்று மல்லுக்கட்டும் என்ற முன்ஜாக்கிரதை.

நம் வீட்டு டூயல் கோர் மெஷினுக்கு டிஸ்பாட்சர் லாக் போனதால் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சர்வர்காரர்களின் பண்டிகை. சர்வர் 2008 ஆர்2-வுக்கும் இதே கெர்னல். வீட்டில் நாம் உணர்ந்தது ஜன்னல் பிரதி போனதையும் ஜிடிஐ பூட்டு தளர்ந்ததையும்தான். எக்செல் கூட்டல் விஸ்டாவில் எவ்வளவு நேரமோ 7-இலும் அவ்வளவே. எந்த ஓஎஸ்ஸும் ப்ராசஸருக்குப் புதிதாகக் கால் முளைக்கவைக்காது. விஸ்டாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும்: புது டிரைவர் முறை, ஜன்னல்களை அடுக்கும் முறை இரண்டுமே அது போட்ட அஸ்திவாரம். அடி வாங்கியது அது, மாலை வாங்கியது இது.

இந்தச் சுற்றுலாவில் தவறவிடக் கூடாத ஓர் அறை உண்டு. 2007 அக்டோபரில் எரிக் ட்ரௌட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒன்றை ஓட்டிக் காட்டினார். மின்வின். விண்டோஸின் அடிவயிற்றை மட்டும் வெட்டியெடுத்தது: ஏறக்குறைய நூறு ஃபைல், டிஸ்கில் 25 எம்பி, ராமில் 40 எம்பி. முழு விஸ்டாவுக்கு டிஸ்கில் கிகாபைட் கணக்கில் இடம் வேண்டும்! மின்வினில் கிராஃபிக்ஸே இல்லை என்பதால், பூட் ஆகும்போது விண்டோஸ் கொடி வெறும் எழுத்துகளாலும் குறிகளாலும் வரைந்த படமாக வந்தது. பார்க்கக் கண் கோடி வேண்டும்! அதை யாரும் விற்கவில்லை. ஆனால் எது எதை நம்பி இருக்கிறது என்று அடியிலிருந்து பிரித்த அந்த உழைப்பு 7-க்குள் வந்தது. சிஸ்டம் ஃபோல்டரில் கெர்னல்பேஸ் என்ற புது டிஎல்எல் ஒன்று 7-இல்தான் முளைத்தது. பழைய கெர்னல்32-இன் உள்ளுறுப்புகள் பல அங்கே குடிபெயர்ந்திருக்கும்.

பூட் நேரத்துக்கு வருவோம். பெர்ஃபார்மன்ஸ் பொறுப்பில் இருந்த மைக்கேல் ஃபோர்ட்டின் 2008 ஆகஸ்டில் கணக்கை ஒளிக்காமல் எடுத்து வைத்தார். விஸ்டா சர்வீஸ் பேக் 1 மெஷின்களில் சுமார் 35 சதவீதம் 30 விநாடிக்குள் பூட் ஆகின்றன. 50 விநாடி கொடுத்தால் 75 சதவீதம். மீதி நாலில் ஒன்று? அது பாவம். 15 விநாடிக்குள் ஆனால்தான் மிக நல்ல மெஷின் என்று அளவுகோல் வைத்தார்கள். அதற்காக ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டிருந்த டிரைவர்களை ஒரே நேரத்தில் விழிக்கச் செய்தார்கள். பூட் முடிகையில் விஸ்டாவில் பெருமிதமாக வந்துபோன முத்து அனிமேஷன் போயிற்று. நாலு வண்ணப் பொட்டுகள் சுழன்றுவந்து கொடியாகும் புது அனிமேஷன் வந்தது. 200-க்கு 200 அளவில் 105 குட்டிப் படங்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் பூட் நேரத்தைத் தின்னும் பெருச்சாளி, பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள்தான். புளூடூத்தே இல்லாத மெஷினில் புளூடூத் சர்வீஸ் எதற்காக எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்? ‘ஒருவேளை யாராவது செருகினால்?’ இப்படி விண்டோஸைக் கட்டும் ஒவ்வொரு குழுவும் ஒருவேளை ஒருவேளை என்று ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? குழுக்களும் ஒன்றிரண்டு இல்லை; ஏறக்குறைய 25, ஒவ்வொன்றிலும் சராசரியாக 40 டெவலப்பர்கள். 7-இல் சர்வீஸ்களுக்கு ட்ரிகர் வந்தது. கருவி செருகப்பட்டால் எழு, நெட்வொர்க்கில் முகவரி கிடைத்தால் எழு, அதுவரை எழாதே.

எஸ்எஸ்டிக்கும் கண் திறந்தார்கள்: வேகமான எஸ்எஸ்டி என்று தெரிந்தால் டிஃப்ராக் தானாக நிற்கும், அழித்த இடங்களை டிரைவுக்கு அறிவிக்கும் ட்ரிம் வசதியும் சேர்ந்தது. இவ்வளவும் செய்த விண்டோஸ் 7-இன் பொது பீட்டா 2009 ஜனவரியில் வெளியானபோது கூட்டம் தாங்காமல் மைக்ரோசாஃப்டின் தளமே திணறியது. 25 லட்சம் பேருக்கு மட்டும் என்று போட்டிருந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 22-இல் விண்டோஸ் 7 கடைக்கு வந்தது.

கடைசியாக, பின்கட்டில் ஓடும் கடிகாரம். விண்டோஸின் கடிகாரம் வழக்கமாக நொடிக்கு 64 முறை துடிக்கும், அதாவது 15.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை. சும்மா கிடக்கும் ப்ராசஸருக்கு ஆழ்ந்து தூங்கப் பிடிக்கும். தூங்கினால்தான் பேட்டரி மிஞ்சும். ஒவ்வொரு துடிப்பும் அதைத் தட்டி எழுப்பும். 7-இல் தூங்கும் கோர்களைத் துடிப்பு தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். நிரல்களுக்கும் ஒரு புதிய பேச்சுவார்த்தை வசதி கொடுத்தார்கள்: ‘100 மில்லி விநாடியில் எழுப்பு, ஒரு 50 தாமதமானாலும் பரவாயில்லை.’ இப்படி விட்டுக்கொடுக்கும் பத்து நிரல்களைச் சேர்த்து ஒரே விழிப்பில் முடித்துவிடலாம்.

விட்டுக்கொடுக்காத நிரல்களும் உண்டு. ‘எனக்கு 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை துடிப்பு வேண்டும்’ என்று ஒரே ஒரு நிரல் கேட்டால் போதும். அன்றைய விண்டோஸில் மெஷின் முழுக்க நொடிக்கு 1000 முறை துடிக்க ஆரம்பிக்கும். யார் கேட்டது? கண்டுபிடிக்க விண்டோஸ் 7-இல் ஒரு வேவுக்காரரை வைத்தார்கள். இன்றைய விண்டோஸிலும் அவர் பணியில்தான் இருக்கிறார். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, எனர்ஜி என்று அடியுங்கள். மெஷினைத் தொடாமல் 60 விநாடி கையைக் கட்டிக்கொண்டிருங்கள். ஓர் அறிக்கை வந்து விழும். சிவப்பும் மஞ்சளுமாக, எந்த நிரல் எத்தனை அவசரமாக எழுப்பச் சொன்னது என்று பெயர், விலாசத்தோடு போட்டிருக்கும். போன வாரமே மூடிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெயர் அதில் இருந்தால், பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.